கண்ணுக்குத் தெரியாததை அளந்த மக்கள்

தீயை எமது கண் காண்கிறது. புகையை மூக்கு அறிகிறது. இடியைக் காது கேட்கிறது. ஆனால் கதிர்வீச்சை உணர்வதற்கு மனிதனுக்கு எந்தப் புலனும் இல்லை. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கருவி இல்லாவிட்டால் அது எவ்வளவு இருக்கிறது என்பதை எவராலும் சொல்ல முடியாது. ஆகவே, அணுமின் நிலையம் ஒன்றில் விபத்து நேரும்போது, “பிள்ளையை முற்றத்தில் விளையாட விடலாமா?” என்று ஒரு தாய் கேட்கும் சாதாரணமான கேள்விக்குக்கூட, கருவி வைத்திருப்பவரிடம் இருந்தே பதில் வரவேண்டியிருக்கிறது.

அந்தக் கருவி யாரிடம் இருக்க வேண்டும்? அரசாங்கத்திடமும் நிபுணர்களிடமும் மட்டுமா? சாதாரண மக்களும் அளக்கலாமா? அளந்தால், அவர்களுக்குக் கிடைக்கும் எண்ணை எந்தளவுக்கு நம்பலாம்? திடீரென ஓர் எண் உயர்ந்தால், அதற்குரிய காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? உலகில் உண்மையாகவே நடந்த சில சம்பவங்களைக் கொண்டு இக்கேள்விகளுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவும் அலகும்

சில அணுக்களின் கரு உறுதியற்றது. அது தானாகவே சிதைந்து, துணிக்கைகளாகவும் கதிர்களாகவும் சக்தியை வெளிவிடுகிறது. இதையே கதிர்த்தொழிற்பாடு என்கிறோம். ஒரு செக்கனில் ஒரு கரு சிதைந்தால் அது ஒரு பெக்கரெல். அக்கதிர் மனித உடலில் ஏற்படுத்தக்கூடிய பாதிப்பைக் கணிக்கும் அலகு சீவேட். ஒரு சீவேட் மிகப் பெரிய அளவாகையால், அதன் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மில்லிசீவேட்டும், பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிய மைக்ரோசீவேட்டுமே நாளாந்தம் பயன்படுகின்றன.

கதிர்வீச்சு அணு உலையில் மட்டும் இருப்பதன்று. விண்வெளியிலிருந்தும், மண்ணிலிருந்தும், பாறையிலிருந்தும், நாம் சுவாசிக்கும் ரேடன் வாயுவிலிருந்தும் அது எப்போதும் வந்துகொண்டிருக்கிறது. எமது உடலில் உள்ள பொற்றாசியத்தின் ஒரு சிறு பகுதி கதிர்த்தொழிற்பாடுடையது. வளர்ந்த ஒருவரின் உடலில் அதனால் மட்டும் ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 4,000 கருக்கள் சிதைகின்றன. இயற்கை மூலங்களிலிருந்து ஒருவர் பெறும் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேட் ஆகும். எனவே எந்த இடத்தில் கருவியை இயக்கினாலும் அது பூச்சியத்தைக் காட்டாது. “கருவி சத்தமிடுகிறது” என்பது தன்னளவில் செய்தியே அல்ல. “வழக்கத்தைவிட அதிகமாகச் சத்தமிடுகிறது” என்பதே செய்தி. அதை அறிவதற்கு முதலில் வழக்கமான அளவு தெரிந்திருக்க வேண்டும்.

இதை அளக்கும் கருவிகளுள் மிகவும் பிரபலமானது கைகர்-முல்லர் எண்ணி. வாயு நிரப்பிய ஒரு குழாய்க்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கப்பட்டிருக்கும். கதிர் ஒன்று உள்ளே நுழைந்து வாயுவை அயனாக்கினால் ஒரு கணத்துடிப்பு மின்னோட்டம் பாயும். கருவி அதை ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். ஹான்ஸ் கைகரும் வோல்தர் முல்லரும் 1928இல் உருவாக்கிய இக்குழாயின் தத்துவம் இன்றும் மாறவில்லை.

காலணியில் வந்த செய்தி

1986 ஏப்ரல் 28ஆம் திகதி காலை, சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஊழியர் ஒருவர் கதிர்வீச்சுச் சோதனை வாயிலைக் கடந்தபோது அபாய மணி ஒலித்தது. அவரது காலணியில் கதிர்த்தொழிற்பாட்டுத் துகள்கள் ஒட்டியிருந்தன. தமது நிலையத்திலேயே கசிவு ஏற்பட்டிருக்கிறது என்றுதான் முதலில் எண்ணினார்கள். தேடிப் பார்த்தபோது உள்ளே எந்தக் கசிவும் இல்லை. அதே வேளையில் சுவீடனின் வேறு இடங்களிலும் அளவு உயர்ந்திருந்தது. காற்று வந்த திசையைப் பின்னோக்கிப் பார்த்தபோது அது சோவியத் ஒன்றியத்தைக் காட்டியது.

உண்மையில் செர்னோபில் அணு உலை ஏப்ரல் 26ஆம் திகதி அதிகாலையிலேயே வெடித்திருந்தது. ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்த ஒரு காலணி அதைக் காட்டிக்கொடுத்த பின்னர்தான், 28ஆம் திகதி இரவு சோவியத் தொலைக்காட்சி ஒரு சுருக்கமான அறிவித்தலை வாசித்தது. உலைக்கு அருகில் இருந்த பிரிப்பியட் நகர மக்கள், வெடிப்பு நிகழ்ந்து ஒன்றரை நாள் கடந்த பின்பே வெளியேற்றப்பட்டார்கள். அதுவரை பிள்ளைகள் வழமைபோல வெளியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

காரணம் தெரியாத ஓர் அளவீட்டை “கருவியில் ஏதோ பிழை” என்று தள்ளிவிடாமல், பக்கத்து நிலையங்களின் அளவீடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் உண்மை வெளிவந்தது. இந்த ஒப்பிடும் பழக்கத்தை இக்கட்டுரை முழுவதிலும் நாம் சந்திப்போம்.

வரைந்த வட்டமும் வீசிய காற்றும்

2011 மார்ச் 11ஆம் திகதி பிற்பகல் 2.46 மணிக்கு ஜப்பானின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் 9.0 அளவிலான பூமியதிர்ச்சி ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து வந்த சுனாமி, புகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தின் மின்பிறப்பாக்கிகளை மூழ்கடித்தது. குளிரூட்டல் நின்றுபோனதால் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. மார்ச் 12ஆம் திகதி முதல் அடுத்தடுத்து ஐதரசன் வெடிப்புகள் நிகழ்ந்தன.

அரசாங்கம் நிலையத்தை மையமாக வைத்து 20 கிலோமீற்றர் ஆரையில் ஒரு வட்டம் வரைந்து, அதனுள் இருந்தவர்களை வெளியேறச் சொன்னது. 20க்கும் 30க்கும் இடைப்பட்டவர்கள் வீட்டினுள் இருக்கும்படி பணிக்கப்பட்டார்கள். ஆனால் காற்று வட்டத்தைப் பார்த்து வீசுவதில்லை. மார்ச் 15ஆம் திகதி காற்று வடமேற்குத் திசைக்குத் திரும்பியது. அன்று பெய்த மழையும் பனியும் வானிலிருந்த சீசியத்தையும் அயடீனையும் அத்திசையிலிருந்த மலைக்கிராமங்களில் இறக்கின.

நமியே என்ற ஊரைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான மக்கள், நிலையத்திலிருந்து தூரமாகப் போகிறோம் என்ற நம்பிக்கையில், வடமேற்கே உள்ள சுஷிமா என்ற பகுதியில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடமே பின்னர் கதிர்வீச்சு மிகுந்த பாதைகளுள் ஒன்றாக மாறியது. காற்று எந்தத் திசையில் செல்லும் என்பதைக் கணிக்கும் ஒரு கணினி முறைமை ஜப்பானிடம் இருந்தது. அதன் கணிப்புகள் அந்நாட்களில் மக்களுக்கு வெளியிடப்படவில்லை. நிலையத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில், வட்டத்திற்கு வெளியே இருந்த இட்டாத்தே கிராமம் வெளியேற்ற வலயமாக அறிவிக்கப்பட்டது ஏப்ரல் 22ஆம் திகதிதான்.

அம்மக்களுக்கு வீரமோ கல்வியோ குறைவாக இருக்கவில்லை. அவர்கள் இழந்தது ஒரேயொரு விடயத்தை: தாம் நிற்கும் இடத்தின் அளவு. புகுஷிமா மாகாணத்தில் இருந்த நிரந்தரக் கண்காணிப்பு நிலையங்களுள் பெரும்பாலானவை பூமியதிர்ச்சியாலும் சுனாமியாலும் செயலிழந்திருந்தன. உலகெங்கும் கைகர் எண்ணிகள் விற்றுத் தீர்ந்துவிட்டன.

சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு கருவி

விபத்து நிகழ்ந்து ஏறத்தாழ ஒரு வாரத்தினுள், இணையத்தின் மூலம் இணைந்த ஒரு சிறு குழுவினர், கிடைக்கும் அளவீடுகளை எல்லாம் ஒரே வரைபடத்தில் சேர்க்கத் தொடங்கினார்கள். அதுவே பின்னர் சேஃப்காஸ்ட் என்ற தொண்டர் அமைப்பாக வளர்ந்தது. ஷோன் பொனர், பீற்றர் ஃபிராங்கன், ஜொய் இட்டோ ஆகியோர் அதன் ஆரம்பகர்த்தாக்கள்.

இருக்கும் அளவீடுகள் மிகக் குறைவு என்பது அவர்களுக்கு விரைவில் புரிந்தது. ஒரு நகரத்திற்கு ஓர் எண் போதாது. ஒரு வீதிக்கும் அடுத்த வீதிக்கும் இடையில்கூட அளவு மாறியது. கையில் இருந்த ஒருசில கருவிகளைக் கொண்டு எப்படி ஒரு நாட்டையே அளப்பது? கருவியை வாகனத்தில் பொருத்தி ஓட்டிச்செல்வது என்று முடிவு செய்தார்கள். கைகர் குழாய், இடத்தைக் காட்டும் ஜீ.பி.எஸ், தரவைச் சேமிக்கும் சிறு அட்டை ஆகிய மூன்றையும் ஒரு பெட்டியில் அடக்கினார்கள். வாகனத்தின் யன்னலுக்கு வெளியே பொருத்தப்பட்ட அப்பெட்டி, ஒவ்வொரு 5 செக்கனுக்கும் அளவையும் இடத்தையும் பதிவுசெய்தது. ஜப்பானியர் மதிய உணவு எடுத்துச்செல்லும் பெட்டிக்குப் ‘பென்ற்றோ’ என்று பெயர். அதன் நினைவாகவே கருவிக்கு ‘பீ-கைகி’ என்று பெயரிட்டார்கள்.

பின்னர் அதைப் பாகங்களாகவே விநியோகித்தார்கள். ஆசிரியர்களும், இல்லத்தரசிகளும், ஓய்வுபெற்றவர்களும், மாணவர்களும் பயிற்சிப் பட்டறைகளில் அமர்ந்து ஈயப்பற்று வைத்துத் தமது கருவியைத் தாமே பொருத்திக்கொண்டார்கள். கருவியின் மின்சுற்று வரைபடம் எவரும் பார்க்கக்கூடியவாறு வெளியிடப்பட்டது. சேர்ந்த தரவுகள் எவருக்கும் உரிமையற்ற பொதுச்சொத்தாக விடப்பட்டன. இன்று அத்தரவுத்தளத்தில் உலகின் பல நாடுகளிலிருந்து வந்த 10 கோடிக்கும் மேற்பட்ட அளவீடுகள் உள்ளன.

அணுசக்தியை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ தமது வேலையல்ல என்பதை அவ்வமைப்பினர் ஆரம்பம் முதலே வலியுறுத்தி வந்தார்கள். ஒரு முடிவை நிரூபிப்பதற்காக அளக்கத் தொடங்குபவர், அம்முடிவுக்குப் பொருந்தாத எண்களைத் தம்மையறியாமலே ஒதுக்கிவிடக்கூடும். “அளவு இது. முடிவை நீங்களே எடுங்கள்” என்று சொல்பவரின் எண்ணை இரு தரப்பினரும் நம்ப முடிகிறது.

இவ்வாறு முன்வந்தவர்களுள் தாய்மார் பலர் இருந்தார்கள். புகுஷிமா மாகாணத்தின் இவாக்கி நகரில் 2011 நவம்பரில் ‘தாரச்சினே’ என்ற மக்கள் அளவீட்டு நிலையம் ஆரம்பமானது. விஞ்ஞானத்தைத் தொழிலாகக் கொண்டிராத தாய்மார், தமது பிள்ளைகள் உண்ணும் அரிசியையும் மரக்கறியையும் வீட்டு முற்றத்து மண்ணையும் தாமே சோதிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஜப்பானில் 2012 ஏப்ரல் முதல் பொது உணவுகளுக்கு ஒரு கிலோகிராமுக்கு 100 பெக்கரெல் சீசியமும், பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 50 பெக்கரெலும் எல்லையாக விதிக்கப்பட்டன. எல்லையை அரசு விதித்தது. தன் வீட்டுச் சோறு அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்பதை ஒரு தாய் தன் கண்ணால் பார்த்துக்கொள்ள அந்நிலையம் வழிசெய்தது.

பாடசாலை முற்றமும் ஒரு பெருக்கல் கணக்கும்

எண்ணை அளந்தால் மட்டும் போதாது, அதன் பொருளும் தெரிய வேண்டும். 2011 ஏப்ரல் 19ஆம் திகதி ஜப்பானின் கல்வி அமைச்சு, புகுஷிமாவில் பாடசாலை முற்றங்களை வழமைபோலப் பயன்படுத்துவதற்கான எல்லையாக மணித்தியாலத்திற்கு 3.8 மைக்ரோசீவேட்டை அறிவித்தது. பின்னாளில் மாசு அகற்றும் பணிகளுக்கு மணித்தியாலத்திற்கு 0.23 மைக்ரோசீவேட் என்ற அளவு அடிப்படையாக எடுக்கப்பட்டது. இவ்விரு எண்களும் எங்கிருந்து வந்தன?

ஒருவர் நாளொன்றில் 8 மணித்தியாலம் வெளியிலும், 16 மணித்தியாலம் வீட்டினுள்ளும் இருப்பதாகக் கொள்வோம். மரவீட்டின் சுவர்களும் கூரையும் கதிர்வீச்சின் ஒரு பகுதியைத் தடுப்பதால், உள்ளே வெளியிலுள்ளதன் 0.4 பங்கே இருக்கும். ஆகவே 16ஐ 0.4ஆல் பெருக்க 6.4 வரும். அதனுடன் 8ஐக் கூட்ட 14.4. அதாவது ஒரு நாள் என்பது வெளியில் நிற்கும் 14.4 மணித்தியாலத்திற்குச் சமம்.

இப்போது 3.8 × 14.4 × 365 என்று பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 20,000 மைக்ரோசீவேட், அதாவது ஆண்டுக்கு 20 மில்லிசீவேட் வருகிறது. அடுத்து, 0.23இலிருந்து இயற்கை அளவாகிய 0.04ஐக் கழித்தால் 0.19. 0.19 × 14.4 × 365 என்பது ஏறத்தாழ 1,000 மைக்ரோசீவேட், அதாவது ஆண்டுக்கு 1 மில்லிசீவேட். சாதாரண காலத்தில் பொதுமக்கள் இயற்கை அளவுக்கு மேலதிகமாகப் பெறலாம் எனச் சர்வதேச ரீதியில் பரிந்துரைக்கப்படும் எல்லை இந்த 1 மில்லிசீவேட்டாகும்.

மேற்படி கணக்கைச் செய்ய உயர்தர வகுப்புக்கூடத் தேவையில்லை. புகுஷிமாவின் பெற்றோர் அதைச் செய்தார்கள். 3.8 என்ற சிறிய எண்ணுக்குப் பின்னால் 20 என்ற பெரிய எண் மறைந்திருப்பதைக் கண்டார்கள். பேரழிவு ஒன்றின் பின்னான காலத்தில் வளர்ந்தவர்களுக்குச் சிந்திக்கக்கூடிய ஓர் அளவை, தமது சிறு பிள்ளைகளுக்கும் விதிப்பது ஏன் என்று கேட்டு, மே மாதத்தில் தோக்கியோவுக்குச் சென்று அமைச்சின் முன் திரண்டார்கள். அந்த மாத இறுதியில் அமைச்சு, பாடசாலையில் மாணவர் பெறும் அளவை ஆண்டுக்கு 1 மில்லிசீவேட்டுக்குக் குறைப்பதை இலக்காகக் கொள்வதாக அறிவித்தது. முற்றங்களின் மேல்மண் அகற்றப்பட்டது. கோஷத்தோடு கணக்கும் சேர்ந்திருந்ததால் அவர்களது கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். புகுஷிமா மாகாணத்தில் இடப்பெயர்வின் அலைச்சலாலும், மருத்துவ வசதி தடைப்பட்டதாலும், மனச்சுமையாலும் இறந்தோர் என 2,000க்கும் அதிகமானோர் பதிவாகியுள்ளனர். அவர்களுள் பெரும்பாலானோர் முதியோர். மாறாக, மக்கள் பெற்ற கதிர்வீச்சினால் நேரடியாக ஏற்பட்டதென ஆவணப்படுத்தக்கூடிய உடல்நலப் பாதிப்பு எதையும் காணவில்லை என ஐக்கிய நாடுகள் சபையின் விஞ்ஞானக் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கதிர்வீச்சைக் குறைத்து மதிப்பிடுவதும் ஆபத்து, அளவுக்கு மீறி அஞ்சுவதும் ஆபத்து. இரண்டிலிருந்தும் காக்கக்கூடியது சரியான அளவீடே.

விளக்கம் தேடிய மூன்று எண்கள்

முதலாவது சம்பவம் தோக்கியோவில் நடந்தது. 2011 ஒக்டோபரில் செத்தகாயா பகுதியின் ஒரு நடைபாதையில் மணித்தியாலத்திற்கு ஏறத்தாழ 2.7 மைக்ரோசீவேட் பதிவானது. 200 கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்த புகுஷிமாவின் தூசு அங்கு குவிந்துவிட்டது என்றே பலரும் எண்ணினார்கள். தரையைக் கழுவிப் பார்த்தும் அளவு குறையவில்லை. மூலத்தைத் தேடிச் சென்றபோது, பக்கத்திலிருந்த பழைய வீடொன்றின் தரைக்கு அடியில் பழம்போத்தல்கள் சில கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் இருந்தது ரேடியம். முற்காலத்தில் மணிக்கூட்டு முகப்புகளை இருளில் ஒளிரச்செய்யும் பூச்சுக்கு ரேடியம் பயன்பட்டது. புகுஷிமாவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. காரணம் பற்றிய ஊகம் பிழைத்தது, ஆனால் எண் பிழைக்கவில்லை. மக்கள் அளக்காதிருந்தால் அந்தப் போத்தல்கள் இன்னும் அங்கேயே கிடந்திருக்கும்.

இரண்டாவது, 2017 செப்டெம்பர் இறுதியிலும் ஒக்டோபர் ஆரம்பத்திலும் ஐரோப்பாவின் பல நாடுகளில் நிகழ்ந்தது. காற்று வடிகட்டிகளில் ருதேனியம்-106 என்ற சமதானி தென்பட்டது. அளவு உடல்நலத்தைப் பாதிக்காத அளவுக்கு மிகச் சிறியது. ஆனால் எங்கிருந்து வந்தது என்று எந்த நாடும் சொல்லவில்லை. விஞ்ஞானிகள் இரண்டு தடயங்களைப் பின்தொடர்ந்தார்கள். உலை வெடித்திருந்தால் சீசியம், அயடீன் போன்றவையும் சேர்ந்தே வந்திருக்கும். இங்கே ருதேனியம் மட்டும் தனித்து வந்திருந்ததால், மூலம் உலையாக இருக்க முடியாது, பயன்படுத்திய எரிபொருளைக் கையாளும் ஆலையாகவே இருக்கலாம். காற்றின் பாதையைப் பின்னோக்கிக் கணித்தபோது அது ரஷ்யாவின் தென் யூரல் பகுதியைச் சுட்டியது. ரஷ்ய அதிகாரிகள் தமது ஆலையில் விபத்து எதுவும் நிகழவில்லை என மறுத்தார்கள். 29 நாடுகளிலிருந்து திரட்டிய 1,300க்கும் மேற்பட்ட அளவீடுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, யூரல் பகுதியின் மாயாக் ஆலையே மிகவும் பொருத்தமான மூலம் என்ற முடிவுக்கு வந்தது. அதே மாயாக்கில் 1957இல் நிகழ்ந்த பெரும் விபத்தொன்று பல தசாப்தங்கள் மறைக்கப்பட்டிருந்தது. 2017இல் மறைப்பது அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. ஒரு நாட்டின் கதவை மூடலாம், காற்றை மூட முடியாது.

மூன்றாவது எண்ணை உலகமே இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. 2022 பெப்ரவரி இறுதியில் ரஷ்யப் படைகள் செர்னோபில் வலயத்தினுள் நுழைந்தபோது, அங்கிருந்த கண்காணிப்பு நிலையங்களின் அளவுகள் திடீரென உயர்ந்து காணப்பட்டன. கனரக வாகனங்கள் மேல்மண்ணைக் கிளறியதே காரணம் என உக்ரைனின் அணுசக்தி ஒழுங்குபடுத்தல் நிறுவனம் கூறியது. அத்தகைய உயர்வுக்குத் தூசு மட்டும் காரணமாக இருக்க முடியாது என்றும், தரவு வந்து சேரும் முறையில் கோளாறு இருந்திருக்கலாம் என்றும் பின்னர் சில ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். ஆகவே, திரையில் தெரியும் எண்ணுக்கும் மண்ணில் இருக்கும் உண்மைக்கும் இடையில் கருவி, கம்பி, கணினி எனப் பல படிகள் உள்ளன. அவற்றுள் எதுவும் தவறலாம்.

எண் உயர்ந்ததும் கேட்க வேண்டிய கேள்விகள்

மேற்கண்ட சம்பவங்களிலிருந்து, அளவு உயர்ந்தவுடன் நாம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளைத் தொகுத்துக்கொள்ளலாம்.

1. இது தற்செயலான ஏற்ற இறக்கமா? கருச்சிதைவு எழுமாறாக நிகழ்வது. எண்ணிக்கை எவ்வளவோ, அதன் வர்க்கமூலமே அதன் நியம விலகலாகும். ஒரு நிமிடத்தில் சராசரியாக 36 எண்ணும் கருவி, எந்த மாற்றமும் இல்லாமலே அடிக்கடி 30க்கும் 42க்கும் இடையில் ஆடும், சில வேளைகளில் 48ஐயும் தொடும். நூறு நிமிடம் எண்ணினால் 3,600, அதன் விலகல் 60 மட்டுமே. முதலாவதில் வழு ஏறத்தாழ 17 வீதம். இரண்டாவதில் 2 வீதத்திலும் குறைவு. ஆகவே பொறுமையாக நீண்ட நேரம் அளப்பதே முதல் பாடம்.

2. மழை பெய்ததா? காற்றிலுள்ள ரேடனிலிருந்து தோன்றும் ஈயம்-214, பிசுமத்து-214 ஆகியவற்றை மழை கழுவி நிலத்தில் இறக்கும். அப்போது அளவு சட்டென்று உயரும். இவற்றின் அரைவாழ்வுக்காலம் முறையே ஏறத்தாழ 27 நிமிடமும் 20 நிமிடமும் என்பதால், மழை விட்டுச் சில மணித்தியாலங்களில் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். சீசியம்-137 ஆயின் அதன் அரைவாழ்வுக்காலம் 30 வருடம். அது அப்படி மறையாது.

3. பக்கத்துக் கருவி என்ன சொல்கிறது? ஒன்று மட்டும் உயர்ந்தால் கருவிப் பழுதாகவோ, அருகில் நின்ற ஒருவர் கதிரியக்க மருந்து பெற்ற நோயாளியாகவோ இருக்கலாம். பல நிலையங்கள் காற்றின் திசையில் ஒன்றன்பின் ஒன்றாக உயர்ந்தால் அது வேறு கதை.

4. எது கதிர்வீசுகிறது? சாதாரண கைகர் எண்ணி எண்ணிக்கையை மட்டுமே சொல்லும், எந்தச் சமதானி என்று சொல்லாது. கதிரின் சக்தியைப் பிரித்தறியும் நிறமாலைமானி கொண்ட ஆய்வுகூடமே அதைச் சொல்லும். மக்களின் அளவீடு முடியும் இடத்தில் நிபுணரின் வேலை தொடங்குகிறது.

5. முன்பு எவ்வளவு இருந்தது? ஆபத்துக்கு முன்னரே அளந்து வைக்காதவர், ஆபத்தின்போது எதனோடு ஒப்பிடுவார்?

வதந்தியும் எமது கடமையும்

அளவு இல்லாத இடத்தை வதந்தி நிரப்பிவிடும். 2011 மார்ச் மாதத்தில் சீனாவின் பல நகரங்களில் மக்கள் கடைகளில் முண்டியடித்து உப்பு வாங்கினார்கள். அயடீன் கலந்த உப்பு கதிர்வீச்சிலிருந்து காக்கும் என்று பரவிய செய்தியே அதற்குக் காரணம். உண்மையில் அணு விபத்தின்போது கொடுக்கப்படும் அயடீன் மாத்திரையின் அளவைப் பெற, எவராலும் உண்ண முடியாத அளவு உப்பை உண்ண வேண்டியிருக்கும். பிரபல செய்திச் சேவை ஒன்றின் பெயரால், ஆசிய நாடுகளைக் கதிர்வீச்சு தாக்கப்போகிறது என்ற போலிக் குறுஞ்செய்தியும் அந்நாட்களில் தொலைபேசிகளில் பரவியது.

ஊர்ஜிதமற்ற செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துத் தெளிவுபெற வேண்டும், இல்லாவிடில் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்ற கருத்தை சூரதுல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் எமக்குக் கற்றுத்தருகிறது. கதிர்வீச்சுச் செய்திகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழிகாட்டல் வேறென்ன இருக்கிறது? அலகு இல்லாத எண்ணையும், நேரமும் இடமும் குறிப்பிடாத படத்தையும் குடும்பக் குழுவில் பகிர்வதற்கு முன்னர் ஒரு கணம் நிறுத்துவது விஞ்ஞானமும்தான், மார்க்கமும்தான்.

எமது தீவும் இதற்கு அப்பாற்பட்டதல்ல

இலங்கையில் அணுமின் நிலையம் இல்லை. ஆயினும் தென்னிந்தியாவின் கூடங்குளம் நிலையம் கற்பிட்டியிலிருந்து கடல்வழியே ஏறத்தாழ 225 கிலோமீற்றர் தூரத்தில், கிட்டத்தட்ட அதே அகலக்கோட்டில் இருக்கிறது. 1,000 மெகாவோற் கொண்ட அதன் முதல் இரு உலைகளும் 2013இலும் 2016இலும் மின்வலையமைப்போடு இணைந்தன. அந்நிலையத்தின் பாதுகாப்பைப் பற்றி இடிந்தகரை மீனவப் பெண்கள் எழுப்பிய கேள்விகளை அந்நாட்களில் எமது பத்திரிகைகளும் பிரசுரித்தன. தென்மேல் பருவக்காற்று மேற்கிலிருந்தே எமது கரையைத் தொடுகிறது.

2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்படி இலங்கையில் அணுசக்திச் சபையும், அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையும் இயங்குகின்றன. கதிர்வீச்சு உயர்வை முன்கூட்டியே அறியும் கண்காணிப்பு நிலையங்களைச் சபை அமைத்துள்ளது. இது மகிழ்ச்சிக்குரியது. அந்த எண்களை வாசிக்கத் தெரிந்த மக்களும் இருந்தால்தான் அவை முழுப் பயன் தரும்.

இயற்கையாகவே எமது மண்ணில் படிக்கக் கிடைக்கும் பாடமும் உண்டு. பேருவளைக் கரையோர மணலில் தோரியம் அடங்கிய மொனசைற் கனியம் காணப்படுகிறது. அங்கே கருவியை வைத்தால் சாதாரண மணலைவிட அதிக அளவு காட்டும். அது எந்த விபத்தும் அல்ல, பாறைகள் அரிபட்டு ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த இயற்கைப் பொருள். தோரியனைற் என்ற கனியம் உலகில் முதன்முதலில் அறியப்பட்டதும் எமது நாட்டிலேயே. 1904இல் அதை வெளிக்கொணர்ந்தவர், அப்போது இலங்கையின் கனிப்பொருள் அளவீட்டுக்குப் பொறுப்பாயிருந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. இவற்றை அறியாத ஒருவர் பேருவளை மணலில் கருவியை வைத்துப் படமெடுத்து, கூடங்குளத்தின் கதிர்வீச்சு வந்துவிட்டது என்று பரப்பினால் என்னவாகும்? மீனவரின் மீன் விலைபோகாது. உல்லாசப் பயணிகள் வரமாட்டார்கள். அடிப்படை அளவை முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பதன் அவசியம் இங்கேயே புரிகிறது.

நிறைவாக

நமியே மக்களிடம் ஒரு கருவி இருந்திருந்தால் அவர்கள் சுஷிமாவில் தங்கியிருக்கமாட்டார்கள். பாடசாலை முற்றத்தின் 3.8ஐப் பெருக்கிப் பார்க்கத் தெரிந்த பெற்றோர் இருந்ததால் பிள்ளைகளின் முற்றம் சுத்தமானது. செத்தகாயாவில் காரணம் தெரியாத ஓர் எண்ணை விடாது துரத்தியதால் மறந்துபோன ஓர் ஆபத்து அகற்றப்பட்டது. அளக்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்பதை இவை காட்டுகின்றன. அளந்ததைச் சரிபார்க்கும் பொறுப்பும் அவர்களுக்கே உண்டு என்பதையும் இவையே காட்டுகின்றன.

எமது பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு கைகர் எண்ணி இருந்தால், மழை நாளிலும் வெயில் நாளிலும் அளவைக் குறித்து, ஒரு வருடத்திற்கு ஒரு கொப்பியைப் பேணலாம். அதில் பெரும்பாலும் எந்த விசேடமும் இருக்காது. ஒரே மாதிரியான எண்கள் பக்கம் பக்கமாக நிரம்பியிருக்கும். ஆனால் என்றோ ஒருநாள் ஓர் எண் மாறினால், அது மாறிவிட்டது என்று துணிந்து சொல்ல அந்தக் கொப்பியால் மட்டுமே முடியும்.